போயிட்டு வரேன் என்று போனவர்

மார்ச் 3, செவ்வாய்

இன்று கம்பெனிக்கு நாலாவது தடவை போன் அடித்தபோது ஒரு பெண் எடுத்தாள். பத்து நாளில் அங்கிருந்து காதில் விழுந்த முதல் மனிதக் குரல். அதற்கு முன்னெல்லாம் ஒரு பாட்டுதான். பாட்டுக்கு நடுவில் "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போவாள். அவளிடம் இரண்டு தடவை பதில் பேசி ஏமாந்திருக்கிறேன்.

எடுத்தவளிடம் மடமடவென்று ஒப்பித்தேன். பிப்ரவரி பத்தொன்பது, வியாழன், காலை பத்து பத்துக்கு எங்கள் வீட்டுப் படியில் ஆளை ஏற்றி இறக்கும் நாற்காலி பாதியில் நின்றது. இருபத்தொன்று, சனிக்கிழமை, பதினொன்றே காலுக்கு உங்கள் மெக்கானிக் வந்தார். நீலச் சட்டை, இடது புருவத்தில் ஒரு தழும்பு. மூடியைக் கழற்றிப் பார்த்து "பெல்ட் போயிருக்கு" என்றார். பதினொன்று நாற்பதுக்குப் போனார். அதோடு சரி.

"இதெல்லாம் எழுத்துல இருக்கா சார்?" என்றாள்.

"தலையில இருக்கும்மா."

"தலையில இருந்தா எப்படி சார்? கொஞ்சம் லைன்ல இருங்க."

லைனில் இருந்தேன். பாட்டு வந்தது. பிறகு பாட்டும் போய்விட்டது.

அதனால்தான் இந்த நோட்டு. எனக்கு எழுத்து வராது. பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. துணிக் கிடங்கில் முப்பத்தெட்டு வருஷம், எந்தக் கட்டு எந்த அடுக்கில் என்று தலையிலேயே வைத்திருந்தவன். யார் வந்து கேட்டாலும் நின்ற இடத்தில் பதில் சொல்வேன். இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. இல்லை என்று கேட்டுவிட்டுப் போனவன்கூட என்னைத் திட்டினதில்லை.

நான் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதுகிறாள். எட்டாவது வரை படித்தவள். வாசித்துக் காட்டச் சொன்னால், நான் "வந்தான்" என்று சொன்னதெல்லாம் "வந்தார்" என்று இருக்கிறது. நோட்டு ஆபீசுக்குப் போகப் போகிறது, மரியாதை குறையக் கூடாது என்கிறாள். நமக்கு ஒரு மரியாதையும் காட்டாதவருக்கு எதற்கு இவ்வளவு மரியாதை? அந்தக் "காட்டாதவரும்" நான் சொன்னதாக இருக்காது. எனக்கென்ன தெரியும், படித்தா பார்க்கப் போகிறேன்.

மார்ச் 4, புதன்

ஆறு தடவை அடித்தேன். பாட்டை மாற்றியிருக்கிறார்கள்.

மார்ச் 6, வெள்ளி

வேறு யாராவது படித்தால் புரிய வேண்டாமா, முதலிலிருந்து சொல்லுங்கள் என்கிறாள். சரி.

கீழே பாத்திரக் கடை, மேலே எங்கள் வீடு. நடுவில் பதினாறு படி, பாதியில் ஒரு திருப்பம். என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. சமதரையில் கோலை ஊன்றிக்கொண்டு என்னை விட வேகமாக நடப்பாள். படி மட்டும் ஆகாது. ஒரு படி ஏற இறங்க முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன் இந்த நாற்காலியை வைத்தோம். சுவரோரமாக ஒரு தண்டவாளம், அதில் ஒரு நாற்காலி. பொத்தானை அழுத்தினால் எறும்பு மாதிரி ஊர்ந்து இறங்கும்.

பத்தொன்பதாம் தேதி இவளை வைத்துக்கொண்டே நின்றது. கீழே இருந்து எண்ணினால் ஏழாவது படி. ஒரு மணி இருபது நிமிஷம் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தாள். பாத்திரக் கடை ஆள்கள் இரண்டு பேர் வந்து மேலே தூக்கினார்கள். திருப்பத்தில் ஒருவருக்குக் கால் வழுக்கி மூன்று பேரும் சுவரில் போய் மோதினார்கள். இவள் முழங்கைத் தோல் உரிந்தது. அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "இனிமே என்னை ஒருத்தரும் தூக்கக் கூடாது. பொணமானப்புறம் தூக்கிக்குங்க."

நாற்காலி இன்றும் அந்த ஏழாவது படியில்தான் நிற்கிறது. நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து போகிறேன்.

வெளியே போகாவிட்டால் என்ன, மாடியிலேயே இருந்தால் போயிற்று என்று கேட்பார்கள். கேட்கட்டும். இவளுடைய அக்கா பின் தெருவில் இருக்கிறார். வயது எண்பத்திரண்டு. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒன்றரை வருஷமாக ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வருகிறார். செத்துப்போன புருஷனைத் தேடுவார், தன் மகனை யாரோ என்பார். தங்கையை மட்டும் மறக்கவில்லை. தினமும் பத்தரைக்கு இவள் போய் எதிரே உட்கார்ந்து தலையை வாரிவிடுவாள். அக்கா நினைவுக்கு அதுதான் பிடி. டாக்டரே சொன்னார், தினம் பார்க்கிற முகம்தான் நிற்கும், விட்டால் போய்விடும் என்று. அக்காவை இங்கே கூட்டி வர முடியாது. வாசலைத் தாண்டினால் அலறுகிறார். போனில் முகத்தைக் காட்டினால் டிவி என்று நினைத்து நிறுத்தச் சொல்கிறார்.

இன்றோடு பதினைந்து நாள் ஆயிற்று.

மார்ச் 7, சனி

தெருமுனை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று நாளாகிறது. புதன்கிழமை "இந்தா வந்துட்டேன்" என்றார். வியாழக்கிழமை "வந்துட்டே இருக்கேன்" என்றார். நேற்று "வந்துடறேன்" என்றார். முதலில் வந்துவிட்டவர், அப்புறம் வந்துகொண்டிருக்கிறார், அப்புறம் இனிமேல்தான் வரப் போகிறார். நாள் முன்னால் போகிறது, இவர் பின்னால் போகிறார்.

இன்று நிஜமாகவே வந்தார். திறந்து பார்த்துவிட்டு, "கம்பெனி ஆளுங்கதான் இதைத் தொட முடியும் ஐயா, பார்ட்டே வெளியில கிடைக்காது. என்னால ஆகாது" என்றார். கையைப் பிடித்து நன்றி சொன்னேன். விழித்தார். பதினாறு நாளில் முகத்துக்கு நேராக ஒரு பதில் சொன்ன ஒரே ஆள் இவர்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு நான் மட்டும் போய் வந்தேன். நன்றாக இருக்கிறார். தங்கச்சி எங்கே என்று விசாரித்தார். கால் வலி, வருவாள் என்று சொல்லி வந்தேன்.

மார்ச் 9, திங்கள்

நேற்று எழுதியது பொய்.

இதைச் சொன்னதும் பேனா நின்றது. எழுது என்றேன். ஆபீசில் கொண்டுபோய் வைக்கிற நோட்டில் ஒரு பொய் இருந்தால் மற்றதெல்லாமும் பொய்யாகிவிடும். எழுது.

நேற்று அக்கா என்னைப் பார்த்து "யாரு?" என்றார். அது பழக்கம்தான். "உங்க தங்கச்சி வீட்டுக்காரர்" என்றேன்.

"எனக்கு ஏது தங்கச்சி?" என்றார். கோபமில்லை. சந்தேகமும் இல்லை. இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று கடைக்காரர் சொல்வது மாதிரி சொன்னார். அக்கா மகன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "நாலு நாளா இப்படித்தான் சித்தப்பா. சித்திகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார்.

சொல்லிவிட்டேன். என் மனைவி எழுதிக்கொண்டேதான் இருக்கிறாள். கையெழுத்து கோணுகிறதா என்று பார்த்தேன். நேரா கோணலா என்று எனக்கு எப்படித் தெரியும்.

மார்ச் 10, செவ்வாய்

இது நான் எழுதுவது. அவர் மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்.

காலையில் எட்டாவது படியில் உட்கார்ந்து அந்த நாற்காலியோடு பேசிக்கொண்டிருந்தார். திட்டவில்லை, கெஞ்சிக்கொண்டிருந்தார். போனால் போகிறது, அக்கா மறந்தால் மறந்துவிட்டுப் போகட்டும், விட்டுவிடுங்கள் என்று சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன். சொன்னால் விட்டுவிடுவார். எனக்காகத்தான் நாயாக அலைகிறார். அதனால் சொல்லவில்லை. எனக்கு அக்காவைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 12, வியாழன்

போனை வைத்துவிட்டேன். இனி என் கால்தான். இரண்டு பஸ் மாறி அவர்கள் ஆபீசுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு. முன்னால் ஒரு பெண்.

"அப்பாயின்ட்மென்ட் இருக்கா?"

"அதை வாங்கத்தான் இருபது நாளா போன் பண்றேன்."

"மெயில் போடுங்க சார். பதில் வரும்."

"எனக்கு எழுத்து வராதும்மா. வாய் வரும். வந்திருக்கேன்."

உட்காருங்கள் என்றாள். உட்கார்ந்தேன். ஐந்தரைக்கு விளக்கை அணைத்தார்கள். எழுந்து வந்தேன்.

மார்ச் 13, வெள்ளி

அதே நாற்காலி. வாசல் காவலாளி பக்கத்தில் வந்து நின்றார். "பெரியவரே, நேத்தும் வந்தீங்க."

"நாளைக்கும் வருவேன்."

"நாளைக்கு லீவு."

"அப்ப திங்கக்கிழமை."

சிரித்துவிட்டு அவருடைய டீயில் பாதியை எனக்கு ஊற்றினார். "இங்க போன்ல திட்டுறவங்கதான் ஜாஸ்தி. நேர்ல வர்றவங்க வருஷத்துக்கு ரெண்டு பேர். ஒருத்தர் அட்ரஸ் மாறி வந்தவர்" என்றார்.

மார்ச் 16, திங்கள்

குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். முதுகு வலிக்கிறது. என் மனைவி தலையணை கொண்டு போகச் சொல்கிறாள். தலையணையோடு போனால் குடிவந்துவிட்டேன் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும், கொண்டு போகிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

தலையணை வேலை செய்தது.

பத்து மணிக்கு மேனேஜர் அம்மா உள்ளே போகும்போது என்னைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார், முன்னால் இருந்த பெண்ணைப் பார்த்தார். ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டார்கள். என் பெயரையும் போன் நம்பரையும் கம்ப்யூட்டரில் அடித்தார்.

"உங்க வேலை முடிஞ்சுடுச்சே சார்?"

"எந்த வேலை?"

"படி நாற்காலி. பிப்ரவரி இருபத்தொண்ணு, பதினொண்ணு முப்பத்தெட்டு. பழுது சரி செய்யப்பட்டது, வாடிக்கையாளருக்குத் திருப்தி. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க, இதோ."

கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். எழுத்தெல்லாம் எனக்குப் பூச்சிதான். ஆனால் அடியில் ஒரு கோடு இருந்தது. கோணல் கோடு, முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு வால். அது என் கோடு. என் விரல் போட்டது. அந்தக் கோட்டை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு ஏழாவது படியில் நின்றுகொண்டு அந்த மெக்கானிக் போனை நீட்டி, "தாத்தா, இதுல விரலால ஒரு கோடு போடுங்க. நான் வந்துட்டுப் போனதுக்கு" என்றார். போட்டேன். இவள் மேலே அறையில் இருந்தாள், பார்க்கவில்லை. கோடு போட்டு முடித்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன் தாத்தா" என்றார். நான் மேலே ஏறி வந்து இவளிடம் சொன்னேன்: பெல்ட் எடுக்கப் போயிருக்கான், வந்துடுவான். இரண்டு மணி வரை சாப்பிடாமல் காத்திருந்தோம். அவருக்கும் சேர்த்துச் சமைத்திருந்தாள்.

முடிந்த வேலையென்று ஆகிவிட்டால் அந்த நம்பரிலிருந்து வரும் போன் எல்லாம் வரிசையில் கடைசிக்குப் போய்விடுமாம். கடைசி அநேகமாக வரவே வராதாம். அப்படித்தான் வைத்திருக்கிறார்களாம். நான் அடித்தது மொத்தம் அறுபத்து மூன்று தடவை. அத்தனையும் திருப்தியான ஒரு கிழவன் பொழுது போகாமல் அடித்ததாகக் கணக்கு.

முகம் சுட்டது. எழுந்து போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தப்பு என்னுடையது, கோடு என்னுடையது, இனி எந்த வாயால் கேட்பது? பிறகு இவள் முழங்கை ஞாபகம் வந்தது.

"கோடு என்னுதுதாம்மா. இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு யாரும் படிச்சுக் காட்டல. படிக்காதவன் கோடு போட்டா வேலை முடிஞ்சுடுமா? நாற்காலி ஏழாம் படியில நிக்குது. வந்து பாருங்க. இல்ல, இதையாவது படிங்க" என்று நோட்டை மேஜையில் வைத்தேன்.

புரட்டினார். மெதுவாகத்தான் படித்தார். ஓரிடத்தில் நிமிர்ந்து, "பத்தாம் தேதி நீங்க சொன்னதில்லையே?" என்றார்.

"பத்தாம் தேதி நான் ஒண்ணுமே சொல்லலையே."

அவர் வாய்விட்டுப் படித்தார். வாயெடுத்தேன், சொல்லவில்லை, எனக்கு அக்காவைப் பார்க்க வேண்டும் — எல்லாம். கேட்டுக்கொண்டேன். என் நோட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு பக்கம். (இதைச் சொன்னதும் இவள் "அதையா படிச்சாங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுது, எழுது. எனக்கு மட்டும் ஒரு பொய்க்கு அத்தனை நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாயே.)

மேனேஜர் அம்மா நோட்டை மூடினார். "சனிக்கிழமை காலையில ஆள் வரும் சார். பெல்ட்டோட."

"நீங்க நல்லவங்கம்மா. ஆனா வாயால சொல்லாதீங்க, எழுதிக் குடுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து இவள் வாசித்தாள்: "மார்ச் 21, காலை பத்து மணி. நாற்காலி ஓடிய பிறகுதான் முடிந்ததாகக் கருதப்படும்." கீழே அவருடைய சொந்தப் போன் நம்பர். அதற்கு நான் அடிக்க மாட்டேன். இருந்தால் போதும்.

மார்ச் 21, சனி

ஒன்பது ஐம்பதுக்கு வந்தார். அதே நீலச் சட்டை, அதே புருவத் தழும்பு. படியில் என்னைப் பார்த்ததும் பையை இறக்காமல் நின்றார்.

"தாத்தா, திட்டுறதுன்னா இப்பவே திட்டிடுங்க. அப்புறம் வேலை பாக்கறேன்."

"முதல்ல வேலை. திட்டு எங்கயும் போயிடாது."

இரண்டு மணி நேரம் ஆயிற்று. தண்டவாளத்துக்குள் இருந்து பல்லுப் பல்லாக ஒரு பட்டையை எடுத்தார். பாதிப் பல் இல்லை, என் வாய் மாதிரியே இருந்தது. புதிதைப் போட்டுக்கொண்டே அவராகவே சொன்னார். ஒரு நாளைக்குப் பதினொரு வீடு. ஒரு வீட்டை முடிந்தது என்று மூடாவிட்டால் அடுத்த வீட்டு விலாசமே போனில் வராது. அன்றைக்கு அவர் பையில் பெல்ட் இல்லை. அப்புறம் கம்பெனிக்குத் தனியாகக் கேட்டு எழுதலாம் என்று மூடினார். சாயந்திரத்துக்குள் இன்னும் எட்டு வீடு. மறந்துவிட்டது.

"தப்புதான் தாத்தா."

"சரி, மூடினே. அப்புறம் ஏன் போயிட்டு வரேன்னு சொன்னே? ஒரு மாசமா உன் வரேனைத்தான் பிடிச்சுத் தொங்கிட்டிருக்கேன்."

திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "அது... கிளம்பறப்ப எல்லாரும் சொல்றதுதானே தாத்தா. ஒரு வீட்டுல இருந்து போறேன்னா சொல்ல முடியும்?"

மேலே இருந்து என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கும் வந்துவிட்டது. திட்டு அதோடு போயிற்று. அவர் சொன்னது நியாயம்தான். நானே எழுபத்தாறு வருஷமாகப் பார்க்கிற வாசலில் எல்லாம் போயிட்டு வரேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். எத்தனை வீட்டுக்குத் திரும்பிப் போனேன்?

நாற்காலி வெறுமையாக ஒரு தடவை இறங்கி ஏறியது. அவர் போனை நீட்டினார்.

"படி" என்றேன்.

ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். "இதுல வேலை முடிஞ்சதுன்னு இருக்கு. இன்னும் முடியலையே. அவ இறங்கி, ஏறி வரட்டும்" என்றேன்.

என் மனைவி உட்கார்ந்தாள். ஏழாவது படி வந்ததும் கைப்பிடியை இறுக்கினாள். நாற்காலி நிற்காமல் போனது. கீழே போய் வாசல் வெளிச்சத்தில் ஒரு நிமிஷம் இருந்துவிட்டு ஏறி வந்தாள். அதன் பிறகுதான் கோடு போட்டேன். இந்தத் தடவை வால் இல்லாமல்.

மெக்கானிக் பையை மாட்டிக்கொண்டு, "போயிட்டு—" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். என்னைப் பார்த்தார். "கிளம்பறேன் தாத்தா."

"சாப்பிட்டுட்டுக் கிளம்பு" என்றாள் இவள்.

மார்ச் 22, ஞாயிறு

முப்பத்தோரு நாளுக்குப் பிறகு அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா இவளை ஏற இறங்கப் பார்த்தார். "மீட்டர் பாக்க வந்தியாம்மா? அது வெளியில இருக்கு" என்றார்.

"ஆமா, பாத்துட்டேன். கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன்" என்றாள் இவள். எதிரே உட்கார்ந்து சீப்பை எடுத்தாள். அக்கா தலையைத் தொட விடவில்லை. முக்கால் மணி நேரம் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள்.

வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தும் முன் சொன்னாள்: "நீங்க அந்த ஆபீசுல எத்தனை நாள் உக்காந்தீங்க?"

"நாலு."

"நான் நாற்பது உக்காருவேன்."

மார்ச் 23, திங்கள்

அக்காவுக்கு இவள் இன்றும் மீட்டர்காரி.

மார்ச் 26, வியாழன்

இன்று பக்கத்து வீட்டு மருமகள். என் மனைவி பதவி உயர்வு என்கிறாள்.

மார்ச் 30, திங்கள்

அக்கா சீப்பை வாங்கித் தானே வாரிக்கொண்டார். பின்பக்கம் எட்டவில்லை. இவளிடம் நீட்டினார். யார் என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 8, புதன்

மழை. ஆனாலும் பத்தரைக்குப் போனோம். குடையை மடக்குவதற்குள் உள்ளேயிருந்து அக்கா பிடித்துக்கொண்டார்.

"நேத்து ஏன் வரல? எத்தனை தடவை கூப்பிட்டேன் உன்னை? ஒரு பதில் கிடையாது. தங்கச்சின்னு ஒருத்தி எதுக்கு இருக்கே?"

அக்கா மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நேற்றும் வந்திருந்தோம், முந்தாநாளும் வந்திருந்தோம். என் மனைவி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

"தப்புதான்க்கா" என்றாள்.

திட்டு அரை மணி நேரம் போனது. உட்கார்ந்து முழுவதையும் கேட்டோம்.